கட்டுத்தறி மாட்டுக்கு எதுக்குக் கண்ணு தெனமும் வெலை?

இந்த ஊர்ல ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கறதை நான் நெறையப் பாத்துருக்கறேன். வாய்க்கால் தண்ணிக்குத் திட்டுவாங்க. வரப்பை ஒரு சாண் வெட்டிப்போட்டான்னு திட்டுவாங்க. பங்காளி ஊட்டுல புதுசா மாடி எழும்பினா, அதுக்குக் காரணமே வேண்டாம், சும்மாவே திட்டுவாங்க. ஆனா எதுத்தாப்புல ஆளே இல்லாம, ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சு உக்காந்து, தன்னைத்தானே திட்டிக்கற தெறமையை உங்கிட்டத்தான் கண்டேன் சாமி. அதுவும் என்னா வார்த்தை! அதுல பாதியை உன்ற பங்காளி மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தீன்னா, இந்நேரம் ரெண்டு ஊட்டாளுகளும் போலீஸ் ஸ்டேசன் பெஞ்சுல உக்காந்திருக்கோணும்.

அப்படி என்ன நடந்து போச்சுன்னு கேட்டா, ஆபீசு மீட்டிங்குல ஒரு கணக்கு தப்பா வந்துருச்சாமா. மேனேஜரு, 'சரி பண்ணி அனுப்புங்க'ன்னாராமா. அந்தாளு அத்தோட மறந்துட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. நீ ரூமுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டு, 'நான் எதுக்குமே லாயக்கில்லாதவன்'னு ஆரம்பிச்சு, பத்தாவதுல கணக்குல கொறைஞ்ச மார்க்கு, காலேஜுல கை நழுவிப்போன வேலை, உங்கக்கா கண்ணாலத்துல பந்தியில சாம்பார் வாளியைக் கவுத்தது வரைக்கும் ஒட்டுக்கா இழுத்துப் போட்டுக்கிட்டு அழுதுக்கிட்டு இருக்கற. சாம்பாரைக் கவுத்தது யாருக்குமே நெனைப்பில்லை கண்ணு. அன்னிக்கு எலையில உப்பு வெக்காம விட்டதைத்தான் ஒறம்பரை எல்லாம் இன்னும் பேசுது. அது உங்க மாமன் வேலை. அவன் நிம்மதியாத் தூங்கறான்.

என்ற தொழில் உனக்குத் தெரியும். மாட்டுத் தரகு. பொள்ளாச்சிச் சந்தை, ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி நோம்பிக்குக் கூடற சந்தை, கண்ணபுரம் மாரியம்மன் தேர்ச் சந்தைன்னு சுத்தினவன். மனுசனை எடை போட நான் படிக்கலை. மாட்டை எடை போடத் தெரியும். அந்தக் கணக்குலதான் உன்னையும் பாக்கறேன், கோவிச்சுக்காத. மாடு கோவிச்சுக்காம இருந்தாச் சரி.

சந்தையில வாங்கறவன் பக்கம் ஒரு தரகன் நிப்பான். அவன் சோலியே கொறை சொல்றது. மொதல்ல வாயைப் பொளந்து பல்லைப் பாப்பான். மாட்டுக்கு மேல்தாடையில முன்பல்லே கெடையாது, கீழ எட்டுத்தான். ரெண்டு வயசுவாக்குல பால்பல்லு விழுந்து சோடி சோடியா மொளைக்க ஆரம்பிச்சா, அஞ்சு வயசுவாக்குல எட்டும் சேந்துரும். வயசைச் சொல்றது அதை வெச்சுத்தான். பல்லுல கொறையில்லீன்னா சுழியைப் பாப்பான். சுழி சுத்தமா இருந்தா வாலைத் தூக்கிப் பாப்பான். அங்கியும் ஒண்ணும் சிக்கலீன்னா, 'என்னமோ பார்வையே சரியில்லையே'ம்பான். எல்லாம் வெலையை எறக்கற வேலை. விக்கறவன் பக்கமும் ஒரு தரகன் நிப்பான். அவன், 'இந்த மயிலைக் காளைக்கு ஆயி அப்பன் ஆருன்னு தெரியுமா'ன்னு இல்லாத வம்சத்தை எல்லாம் அளப்பான். ரெண்டு பேரும் தொண்டை வத்தக் கத்தினதுக்கப்பறம் துண்டைப் போட்டு மூடி, உள்ளார விரலைப் புடிச்சு வெலை பேசுவாங்க. சுத்தி நிக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு பொய்யனுங்க எதுரும் புதுருமா நின்னாத்தான் நடுவுல ஒரு ஞாயமான வெலை வரும். சந்தை பொழைக்கறதே அப்படித்தான்.

உன்ற மண்டைக்குள்ள கூடற சந்தையில ஒரே ஒரு தரகன்தான் நிக்கறான். வாங்கறவன் பக்கத்தவன். அவனே பல்லைப் பாக்கறான், அவனே சுழி சரியில்லைங்கறான், துண்டுக்குள்ள தன்ற ரெண்டு கையையும் தானே புடிச்சு வெலையும் முடிச்சர்றான். எதுத்துப் பேச ஆளில்லை. இந்த மாதிரி முடிஞ்ச பேரத்தைப் பொள்ளாச்சியில சொன்னீன்னா சிரிப்பாங்க. நீ அதை நம்பிக்கிட்டு மூணு நாளாச் சரியாச் சாப்பிடறதில்லையாமா. உங்காத்தா சொல்லிச்சு.

கொறை சொல்றதுலயும் தொழில் தெரிஞ்சவன், தெரியாதவன் இருக்கறான். தெரிஞ்ச தரகன், 'எடது பின்னங்கால் சித்த இழுக்குது, லாடம் சரியா அடிக்கலை'ம்பான். அதைக் கேட்ட மாட்டுக்காரன் லாடக்காரனைத் தேடிப் போவான். தெரியாதவன், 'இதெல்லாம் ஒரு மாடா'ம்பான். அதைக் கேட்டு எவன் என்ன பண்ண முடியும்? 'ரெண்டாவது வரிக் கணக்கை நான் சரி பாக்காம விட்டுட்டேன்'னு சொன்னீன்னா அது லாடம். நாளைக்குக் காத்தால எந்திரிச்சுத் திருத்தலாம். 'நான் லாயக்கில்லை'ன்னா அது வெறும் சத்தம். அதைத் திருத்தறதுக்கு எந்தக் கடையில சாமான் விக்கறான், சொல்லு, நானே வாங்கியாறேன்.

நேரங்காலமும் பாக்கோணும். பத்துக் கல்லு நடந்து வந்து நாக்குத் தள்ளி நிக்கற மாட்டை எந்தத் தரகனும் உடனே மதிக்க மாட்டான். தண்ணி காட்டி, தீவனம் போட்டு, சித்த நேரம் படுக்க விட்டுத்தான் சுத்தி வருவான். நீ பகல் பூரா அந்தக் கம்ப்யூட்டரை மொறைச்சுட்டு, ராத்திரி சோத்தையும் விட்டுட்டு, ரெண்டு மணிக்கு ஆயுசு முழுக்கக் கணக்குப் பாக்க உக்கார்ற. அந்த நேரத்துக்குக் காங்கேயம் காளையை நிறுத்தினாலும் கழுதையாட்டத்தான் தெரியும்.

எனக்கொரு சந்தேகம் கண்ணு. சொன்னா வருத்தப்படுவ, இருந்தாலும் சொல்லிப்போடறேன். திட்டிக்கறது உனக்குச் சொகமா இருக்குதோ? கணக்கைத் திருத்த அரை மணி நேரம் போதும். திட்டிக்கறதுக்கு நாலு மணி நேரம் ஆகுது. திட்டி முடிச்சா ஏதோ பெரிய பண்ணையத்தையே பாத்து முடிச்ச களைப்பு வந்துருது. கணக்கு அப்படியே கெடக்குது. அதுக்குள்ள ஒரு பெருமையும் ஒளிஞ்சுக்கிட்டு இருக்குது. உன்ற கூட்டாளி தப்புப் பண்ணினா, 'விடுறா, மனுசன்னாத் தப்பு வரும்'ங்கற. நீ பண்ணினா மட்டும் பூமி சுத்தறது நின்னு போகோணும். அப்ப நீ மனுசனுக்கும் மேலயா? எந்தச் சாமின்னு சொல்லு, வருசத்துக்கு ஒரு கெடா வெட்டிரலாம்.

இதுல இன்னொரு ரகம் இருக்குது. 'என்ற கொழம்பு நல்லாவே இருக்காதுங்'னு சொல்லிக்கிட்டே மூணாந்தடவை ஊத்தற உங்க பெரியம்மா. அது நோவுல வர்ற திட்டில்லை, புகழ்ச்சிக்குப் போடற தூண்டில். அந்த ரகத்துக்கு நான் புத்தி சொல்றதில்லை. கொழம்பு நல்லா இருக்குதுன்னுட்டு எந்திரிச்சுப் போயிருவேன்.

உன்ற தரகன் எங்க தொழில் கத்துக்கிட்டான்னும் எனக்குத் தெரியும். நம்ம ஊடுகள்லதான். புள்ளை பொறந்தாக் கன்னத்துல கறுப்பு மையை எதுக்கு வெக்கறோம்? அழகா இருக்குதுன்னு எவனாவது சொல்லிக் கண்ணு பட்டுரும்னு. புள்ளை வளந்து மீசை மொளைச்சதுக்கப்பறம் மை வெக்க முடியுமா? அதனால வாயாலயே பூசறது. 500க்கு 480 வாங்கிட்டு வந்து நீ நின்னப்ப, 'மீதி இருவது எங்கடா போச்சு'ன்னான் உங்கொப்பன். எனக்கும் கேட்டுது. நீ மூஞ்சி தொங்கிப்போயி உள்ள போன. அதுக்கப்பறம் நடந்தது உனக்குத் தெரியாது. அதே மனுசன் அன்னிக்குச் சாயங்காலம் டீக்கடை பெஞ்சுல உக்காந்துக்கிட்டு, போறவன் வர்றவனை எல்லாம் நிறுத்தி 480ஐச் சொன்னான். பால்காரன் கிட்டச் சொன்னான். வெளியூர்ல இருந்து வழி கேக்க வண்டியை நிறுத்தினவன் கிட்டயும் சொன்னான். அவன் வழியை மறந்துட்டு உன்ற மார்க்கைத் தெரிஞ்சுக்கிட்டுப் போனான். திட்டு ஊட்டுக்குள்ள, புகழ்ச்சி தெருவுலன்னு பிரிச்சு வெச்சுட்டாங்க. விக்கறவன் பக்கத் தரகன் உனக்கும் இருந்தான் சாமி. உன்ற காதுக்கு எட்டற தூரத்துல நிக்கலை.

இப்ப உன்ற கவலை எல்லாம், 'அவிய என்ன நெனைச்சிருப்பாங்க'ங்கறது. என்ற மக வயித்துப் பேத்தி கோயமுத்தூர்ல மனோதத்துவம் படிக்குது. லீவுக்கு வந்தா, இந்தத் திண்ணையில உக்காந்து வெள்ளைக்காரன் பண்ணின ஆராய்ச்சியை எல்லாம் எனக்குத் தமிழ்ல சொல்லும். காது கொஞ்சம் மந்தமானாலும் நான் கேட்டு வெச்சுக்குவேன், உன்னையாட்ட ஆளுக கிட்ட அளக்கறதுக்கு ஆகும்ல.

அமெரிக்காவுல கார்னெல்னு ஒரு பல்கலைக்கழகம். அங்க கிலோவிச்சுன்னு ஒரு வாத்தியாரும் அவரு கூட்டாளிகளும் 2000ல ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டாங்க. பேரி மேனிலோன்னு ஒரு பாட்டுக்காரரு. அவரு மூஞ்சி போட்ட பனியனைப் போட்டுக்கறதுன்னா அந்த ஊரு காலேஜுப் பசங்களுக்கு வெக்கக்கேடாமா. அதை ஒரு பையனுக்கு மாட்டிவிட்டு, ஆளுக உக்காந்திருக்கற ரூமுக்குள்ள அனுப்பி, வெளிய கூப்ட்டு, 'எத்தனை பேரு உன்ற பனியனைப் பாத்துருப்பாங்க'ன்னு கேட்டாங்க. சுமாரா பாதிப் பேருன்னு வந்துது. உள்ள இருந்தவங்களைக் கேட்டா, கவனிச்சது கால்வாசிப் பேருதான். மீதிப் பேரு என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்கன்னு பேத்தி சொல்லலை. எனக்குத் தெரியும். தன்ற பனியனை நெனைச்சு வெக்கப்பட்டுக்கிட்டு இருந்திருப்பாங்க. உன்ற மீட்டிங்குலயும் அப்படித்தான். நீ அந்தத் தப்புக் கணக்கைப் பாத்து வேர்த்துக்கிட்டு நின்னப்ப, பக்கத்துல இருந்தவன் தன்ற முறை வந்தா என்ன சொல்றதுன்னு வேர்த்துக்கிட்டு இருந்திருப்பான்.

அதுக்குன்னு போன்ல காத்தால வருதே, சூரியன் படம் போட்டு, 'நீ பிறவிச் சாதனையாளன்'னு, அதை நம்பி எறங்கிராத. இந்த வெலையேத்தற வேலையை ஒரு அரசாங்கமே எடுத்துப் பண்ணிப் பாத்துருக்குது. கலிபோர்னியாவுல வாஸ்கன்செலோஸ்னு ஒரு சட்டசபை உறுப்பினரு கிளப்பிவிட்டு, 1986ல சுயமதிப்பை வளக்கறதுக்குன்னே ஒரு குழுவைப் போட்டாங்க. சனங்களுக்குத் தன்மேல மதிப்பு ஏறினா, குத்தம் கொறையும், போதை கொறையும், புள்ளைங்க நல்லாப் படிக்கும்னு ஒரு நம்பிக்கை. 1990ல அறிக்கை வந்துது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா அந்தக் காத்து வீசுச்சு. 2003ல பாமைஸ்டருங்கறவரும் அவரு கூட்டாளிகளும் அதுவரைக்கும் வந்த ஆராய்ச்சிகளைச் சலிச்சுப் பாத்தாங்க. தன்மேல மதிப்பு எச்சா இருக்கறவன் சந்தோசமா இருக்கறான், அது நெசம். ஆனா மதிப்பை ஏத்திவிட்டா மார்க்கு ஏறும்ங்கறதுக்குச் சாட்சி சிக்கலை. நல்லாப் படிச்சவனுக்கு அதனால மதிப்பு ஏறியிருக்குதுன்னாத்தான் பொருந்துது. வண்டியை முன்னால நிறுத்திட்டு மாட்டைப் பின்னால பூட்டப் பாத்துருக்கறாங்க. நம்ம பக்கம் ஒரு தரகனைக் கேட்டிருந்தா அந்தக் குழுச் செலவாவது மிச்சமாயிருக்கும்.

கனடாவுல வாட்டர்லூ பல்கலைக்கழகத்துல ஜோஆன் வுட்டுன்னு ஒரு அம்மிணியும் கூட இருந்தவங்களும் 2009ல ஒண்ணு கண்டாங்க. 'நான் அன்பு வெக்கத் தகுந்த ஆளு'ங்கற மாதிரி ஒரு வாக்கியத்தைத் தனக்குத்தானே திருப்பித் திருப்பிச் சொல்லச் சொன்னா, ஏற்கெனவே தன்னைக் கொறைச்சு மதிக்கறவனுக்கு மனசு இன்னும் கீழ போகுதாமா. போகாம என்ன? விக்கறவன் தரகன் அளவுக்கு மீறி அளந்தா, வாங்கறவன் கண்ணை இன்னும் இடுக்கித்தான் பாப்பான். நீ கண்ணாடி முன்னால நின்னு, வாயில பேஸ்டு நொரையோட, 'நான் சிங்கம்'ங்கற. உள்ள இருக்கற தரகன், 'எங்க, வாலைக் காட்டு'ங்கறான்.

அப்ப என்னதான் பண்றதுங்கற. நியூயார்க்குல ஆல்பர்ட் எல்லிஸ்னு ஒரு மனோதத்துவ வைத்தியரு இருந்தாரு. 1950கள்லயே தனியா ஒரு வைத்திய முறையை ஆரம்பிச்சவரு. மேடையிலயே வாய்க்கு வந்ததைப் பேசற ஆளாமா, நம்ம சந்தைக்கு வந்திருந்தாப் பொழைச்சிருப்பாரு. அவரு சொன்னதுதான் எனக்குப் புடிச்சுது. செஞ்ச காரியத்துக்கு மார்க்குப் போடு, செஞ்ச ஆளுக்குப் போடாதங்கறாரு. கெட்ட மார்க்கும் வேண்டாம், நல்ல மார்க்கும் வேண்டாமுங்கறாரு. நூத்துக்கு நூறுன்னு உனக்கு நீயே போட்டுக்கிட்டாலும், நாளைக்கு அதைக் காப்பாத்தறதுக்கு இன்னொரு காவல்காரன் வேணும்.

நான் ஆயுசு பூரா வெலை பேசினவன். வெலைங்கறது மாட்டோட ஒடம்புல இல்லை கண்ணு. மழை பொய்ச்சு, தீவனமில்லாம, எல்லாரும் ஒரே வாரத்துல மாட்டை ஓட்டியாந்து சந்தையில குமிச்சாங்கன்னா, போன மாசம் மதிச்சதுல பாதிக்குப் போகும். அதே மாடு. அதே பல்லு, அதே சுழி. மழைதான் கொறைஞ்சுது. உன்ற கம்பெனியில ஆள் கொறைக்கறப்பவும், சம்பளம் ஏத்தாத வருசத்துலயும், பொண்ணு ஊட்டுக்காரன் சாதகத்தைத் திருப்பி அனுப்பறப்பவும் அங்க எந்த மழை பொய்ச்சுதுன்னு மொதல்ல பாரு. அப்பறம் லாடத்தைப் பாரு.

வெலை சந்தைக்குப் போற மாட்டுக்குத்தான். ஊட்டுக் கட்டுத்தறியில நிக்கற மாட்டைத் தெனமும் காத்தால வாயைப் பொளந்து எவன் மதிக்கறான்? தீவனம் போடறோம், தண்ணி காட்டறோம், பாலு கொறைஞ்சா எதுனால கொறைஞ்சுதுன்னு பாக்கறோம், ஈ மொய்ச்சா மூட்டம் போடறோம். அது ஊட்டு மாடு, அவ்வளவுதான் கணக்கு. ஆபீசுல உன்ற வேலையை மதிக்கட்டும், அதுக்குத்தான் சம்பளம் குடுக்கறான். ஊட்டுக்கு வந்ததுக்கப்பறமும் உன்னையே தும்புல கட்டி ஓட்டிக்கிட்டு எதுக்கு ராத்திரிச் சந்தைக்குப் போற?

'இப்படித் தன்னைத் திட்டாம விட்டுட்டா மனுசன் சோம்பேறி ஆயிர மாட்டானா'ன்னு கேப்ப. உங்கொப்பனும் அதையேதான் கேட்டான். மறுபடியும் கனடா. அந்த ஊர்ல குளுருக்கு வெளிய போக முடியாம இதே சோலியாத்தான் இருப்பாங்க போல. கார்ல்டன் பல்கலைக்கழகத்துல மொத வருசப் பசங்களை வெச்சுப் பாத்து 2010ல எழுதினது. மொதப் பரிச்சைக்குப் படிக்காம நாளைத் தள்ளிப்போட்டவங்கள்ல, தன்னைத்தானே மன்னிச்சவங்க அடுத்த பரிச்சைக்குக் கொறைவாத்தான் தள்ளிப்போட்டாங்களாமா. நெனைச்சுப் பாத்தா ஞாயம்தான். திட்டு விழுகற எடத்துக்கு எவன் மறுபடியும் போவான்? நீ புஸ்தகத்தைத் தொறந்தாலே அந்தத் தரகன் கத்த ஆரம்பிக்கறான்னா, நீ புஸ்தகத்தைத் தொறக்கவே மாட்ட. டெக்சாஸ்ல கிறிஸ்டின் நெஃப்னு ஒரு பேராசிரியை 2003ல இருந்து இதையே சொல்லிக்கிட்டு இருக்கறாங்க. கூட்டாளி ஒருத்தன் இந்தத் தப்பைப் பண்ணிட்டு வந்து நின்னா என்ன சொல்லுவியோ அதை உனக்கும் சொல்லு, இந்த மாதிரித் தப்பு எல்லா மனுசனுக்கும் வர்றதுங்கறதை மறக்காத, நோவை நோவுன்னு பாரு, அதைப் பெருசு பண்ணாதங்கறாங்க. இதுக்கு டெக்சாஸ் வரைக்கும் போகோணுமான்னு பேத்தியைக் கேட்டேன். 'பக்கத்து ஊட்டுல சொன்னா யாரு கேக்கறாங்க அப்புச்சி'ன்னுது. அதுவும் சரிதான்.

உனக்கு ஒரு சோலி குடுக்கறேன். அடுத்த தடவை உள்ள திட்டு ஆரம்பிச்சா, அதை ஒரு தாள்ல வார்த்தை மாறாம எழுது. எழுதி இந்தத் திண்ணைக்குக் கொண்டா. அதை உன்ற தங்கச்சியைப் பாத்துச் சத்தமாப் படிக்கச் சொல்லுவேன். படிக்க வாய் வருதான்னு பாக்கலாம். வராத வார்த்தையை எல்லாம் அடிச்சுடு. அடிச்சது போக மிச்சம் ஏதாச்சும் நின்னுதுன்னா, அது லாடம். காத்தால மொத வேலையா அதைப் பாரு.

நையாண்டி இத்தோட சரி. தூக்கம் போயி, சோறு எறங்காம, எதுலயும் மனசு ஒட்டாம ரெண்டு வாரத்துக்கு மேல ஓடுச்சுன்னா, இருந்தே என்ன பிரயோசனம்னு ஒரு நெனைப்பு எட்டிப் பாத்துச்சுன்னா, அது தரகன் சத்தமில்லை. சீக்கு. அதைத் திண்ணையில உக்காந்து என்னையாட்டக் கெழவன் தீத்து வெக்க முடியாது. மாடு தீவனம் எடுக்கலைன்னா மாட்டு டாக்டருக்குப் போன் பண்றோம், அதுக்கு எவனும் வெக்கப்படறதில்லை. மனுச டாக்டருக்குப் பண்றதுக்கு என்ன வெக்கம்? 14416னு ஒரு நம்பரு. டெலி மானஸ்னு மத்திய அரசு 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது. காசு கெடையாது, ராப்பகல் எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். அந்த ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பாங்க. நம்பரை இப்பவே போன்ல ஏத்திக்க கண்ணு. என்ன பேரு போடறதுன்னு ரோசனை பண்ணாத, என்ற பேரையே போட்டுக்க.